மாதம் ஒருமுறை ஊசி: ஓராண்டு ஆய்வில் எது தெரியும், எது தெரியாது?

கேள்வி இது: "எங்கள் பெரியப்பாவுக்கு அக்ரோமெகலி. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஹார்மோன் அளவு முழுதாக இறங்காததால், நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆக்ட்ரியோடைடு ஊசியைப் பிட்டத்தில் போட்டுக்கொள்கிறார். இதே மருந்தை நோயாளி தானே தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் புது ஊசி ஐரோப்பாவில் வந்திருக்கிறது என்றும், அதன் நீண்டகாலப் பாதுகாப்பை 135 பேரிடம் ஓராண்டு சோதித்தார்கள் என்றும் படித்தேன். மருந்து பழையதுதானே, மறுபடி எதற்குச் சோதனை? சோதிப்பதென்றால் 135 பேர் போதுமா?"

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: அடிக்கடி வரும் தொல்லைகளைக் கண்டுபிடிக்கப் போதும், அரிதாக வரும் ஆபத்தைக் கண்டுபிடிக்கப் போதவே போதாது. அந்த ஆய்வைத் திட்டமிட்டவர்களுக்கும் இது தெரியும். முதல் கேள்விக்கான பதில் நீளமானது. மருந்து ஆய்வுகளின் பாதுகாப்புத் தரவுகளைப் படிப்பது என் தொழில் என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நோயைப் பற்றி உங்களுக்குத் தெரியும்; மற்றவர்களுக்காகச் சில வரிகள். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் உண்டாகும், அநேகமாகப் புற்றல்லாத ஒரு கட்டி, வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அது கல்லீரலைத் தூண்டி ஐ.ஜி.எஃப்.-1 என்ற இன்னொரு ஹார்மோனையும் ஏற்றிவிடுகிறது. மோதிரம் விரலில் ஏறாது, செருப்பின் அளவு கூடும், தாடை முன்தள்ளும். கண்ணுக்குத் தெரிவதைவிட உள்ளே நடப்பதுதான் கவலைக்குரியது: சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதயத் தசை தடித்தல், தூக்கத்தில் மூச்சு அடைபடுதல், பெருங்குடலில் பாலிப் என்னும் சதை மொட்டுகள். இந்தப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வளர்ச்சி ஹார்மோனை அடக்கும் இயற்கையான சரக்கு நம் உடலிலேயே இருக்கிறது. சோமாடோஸ்டாட்டின் என்ற அந்தப் பொருளை 1973-இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிலையத்தில் ரோஜர் கில்லமினின் குழுவினர் அடையாளம் கண்டார்கள். 14 அமினோ அமிலங்கள் கொண்ட அது ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடுகிறது. அப்படியே மருந்தாக்கினால் நோயாளி சொட்டு மருந்துக் கம்பத்தோடேயே வாழவேண்டியதுதான். சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்து வேதியியலாளர்கள் அதன் முக்கியப் பகுதியை வைத்துக்கொண்டு, 8 அமினோ அமிலங்களில் ஆக்ட்ரியோடைடை உருவாக்கினார்கள். 1988-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் ரத்தத்தில் பாதியாகிவிடும். ஆகவே நாளுக்கு மூன்று ஊசி. மாதம் ஒருமுறை போடும் வடிவம் 1998-இல்தான் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. பெரியப்பா போட்டுக்கொள்வது அதைத்தான்.

அந்த ஊசியைத் தயார் செய்யும் செவிலியரின் கைகளைக் கவனித்திருக்கிறீர்களா? குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அரை மணி நேரமாவது வெளியே வைத்து, அறை வெப்பத்துக்கு வரவிடவேண்டும். உள்ளே இருப்பது வெறும் பொடி அல்ல. உடலில் கரைந்துபோகும் ஒரு பாலிமரால் ஆன மிக நுண்ணிய உருண்டைகள். ஒவ்வொன்றின் உடம்பிலும் மருந்து பொதிந்திருக்கிறது. கூடவே வரும் திரவத்தை விட்டதும் அவசரப்பட்டுக் குலுக்கக்கூடாது. பொடி முழுவதும் நனையும்வரை சில நிமிடம் காத்திருக்கவேண்டும். பிறகு சீராகக் கலக்கி, பால்போல் ஆனவுடன் தாமதமின்றிப் பிட்டத் தசைக்குள் ஏற்றவேண்டும். தாமதித்தால் உருண்டைகள் அடியில் படிந்து ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். பாதி மருந்து குப்பியிலேயே நின்றுவிட்டால் அந்த மாதம் முழுவதும் குறைந்த அளவோடுதான் ஓடும். ரத்தப் பரிசோதனையில் ஐ.ஜி.எஃப்.-1 ஏறியிருந்தால் மருத்துவர் நோயைச் சந்தேகிப்பார். பிழை ஊசி போட்ட கையில் இருந்திருக்கலாம்.

சரியாகப் போட்டாலும் மருந்து ஒரே சீராக வெளிவருவதில்லை. முதல் சில மணி நேரத்தில் மேற்பரப்பில் ஒட்டியிருந்த மருந்து கொஞ்சம் கசியும். பிறகு சில நாள் அளவு மிகவும் தாழ்ந்திருக்கும். பாலிமர் அரிக்கத் தொடங்கியபின் இரண்டாவது வார வாக்கில்தான் ஏறி, அதன்பின் சில வாரம் நிலைத்து நிற்கும். நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் போட்டுவந்தால் மூன்றாவது ஊசிக்குப் பிறகே ரத்தத்தில் அளவு ஒரு நிலைக்கு வருகிறது.

இனிப் புதியதைப் பார்ப்போம். சுவீடனின் லுண்ட் நகரத்து கமுரஸ் நிறுவனம் உருவாக்கிய அந்த ஊசியில் பாலிமர் உருண்டைகள் இல்லை. சோயாவிலிருந்து பெறும் பாஸ்பாடிடைல்கோலைன், கிளிசரால் டையோலியேட் என்ற இரண்டு கொழுப்புப் பொருள்களில் ஆக்ட்ரியோடைடைக் கரைத்துவைத்திருக்கிறார்கள். தோலுக்கடியில் போய் உடலின் நீரை உறிஞ்சியதும் அந்தத் திரவம் தானே கெட்டியான கூழாகி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. கலக்கவேண்டாம், காத்திருக்கவேண்டாம், நிரப்பப்பட்ட பேனாவில் வரும்.

உங்கள் முதல் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. மூலக்கூறு பழையது; ஆனால் உடலுக்கு மருந்து என்பது மூலக்கூறு மட்டுமல்ல. எவ்வளவு ரத்தத்தில் சேர்கிறது, எந்த வேகத்தில், எதோடு கலந்து, எந்த இடத்தில், யார் கையால் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் மருந்து. இந்தக் கொழுப்புக் கூழிலிருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேரும் ஆக்ட்ரியோடைடின் பங்கு, பழைய உருண்டை ஊசியைவிடப் பல மடங்கு அதிகம். பலன் கூடும் என்றால் பக்க விளைவும் கூடுமா என்று பார்க்காமல் விடமுடியாது. மாதாமாதம் தோலுக்கடியில் கொழுப்புக் கூழ் இறங்குவதால் அங்கே கட்டி தட்டுமா, தழும்பு விழுமா? செவிலியர் இல்லாமல் வீட்டில் போட்டுக்கொள்ளும்போது தவறுகள் எப்படி இருக்கும்? இவற்றுக்கு 1998-இன் கோப்புகளில் பதில் கிடையாது.

ஓராண்டு எதற்கு என்றும் கேட்கலாம். இந்த மருந்தின் பித்தப்பைக் கணக்கு ஒன்றே அதற்குப் போதும். ஆக்ட்ரியோடைடு வளர்ச்சி ஹார்மோனை மட்டும் அடக்குவதில்லை. சாப்பிட்டதும் பித்தப்பையைச் சுருங்கச் சொல்லும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனையும் அடக்கிவிடுகிறது. பித்தப்பை சோம்பிப்போய், பித்தநீர் தேங்கி, சேறாகி, பிறகு கல்லாகிறது. மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பேட்டில் உள்ள எண்களைப் பாருங்கள்: ஒரு மாதமோ அதற்குக் குறைவாகவோ மருந்து எடுத்தவர்களில் பித்தப்பைக் கல் வந்தது 2 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு. 12 மாதமோ அதற்கு மேலோ எடுத்தவர்களில் கல்லோ சேறோ இருந்தது 52 சதவீதம் பேருக்கு. ஒரு மாத ஆய்வோடு நிறுத்தியிருந்தால் "பித்தப்பைக்கு ஏறத்தாழ ஒன்றும் ஆகாது" என்று எழுதிவைத்திருப்பார்கள். அந்த ஒரு மாதத்துக்கு அது பொய்யாகவும் இருந்திருக்காது.

பயப்படவேண்டாம், அந்தக் கற்களில் பெரும்பாலானவை வலி தராமல், ஸ்கேனில் மட்டும் தெரிபவை. ஆனால் இரண்டு மூன்று மாத ஆய்வு முடிவைக் காட்டி யாராவது "பாதுகாப்பானது" என்று சொன்னால், எத்தனை மாதத்துக்கு என்று கேட்கவேண்டும். வைட்டமின் பி12 குறைவதும், தைராய்டு மந்தமாவதும் இதே வகை. நாள்பட்டுத்தான் வெளியே வரும். இதயத் துடிப்பு குறைவதோ சர்க்கரை அளவு ஆட்டம் காண்பதோ சீக்கிரமே தெரிந்துவிடும். சர்க்கரை விஷயம் சற்று வேடிக்கையானது. இந்த மருந்து இன்சுலினையும் அடக்கும், அதற்கு எதிராக வேலை செய்யும் குளுக்ககானையும் அடக்கும். வளர்ச்சி ஹார்மோன் இறங்குவதால் உடலில் இன்சுலின் நன்றாக வேலை செய்யவும் தொடங்கும். ஒருவருக்குச் சர்க்கரை ஏறும், இன்னொருவருக்கு இறங்கும்.

மெதுவாக வெளியாகும் ஊசிகளுக்கு மட்டுமே உரிய சிக்கல் ஒன்று உண்டு: போட்டபின் திரும்ப எடுக்கமுடியாது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையென்றால் நாளை நிறுத்தலாம். இந்த ஊசி ஒத்துக்கொள்ளவில்லையென்றால் வாரக்கணக்கில் அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். அதனால்தான் உருண்டை ஊசியைத் தொடங்குமுன் குறைந்த நேரம் வேலை செய்யும் சாதாரண ஊசியை இரண்டு வாரமாவது கொடுத்து, உடல் ஏற்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள்.

ஊசியின் ஊடகமே ஆபத்தாவதும் உண்டு. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைபாட்டுக்குப் போடும் டெஸ்டோஸ்டிரோன் அண்டெகனோயேட் என்ற நீண்டகால ஊசி ஆமணக்கு எண்ணெயில் கலந்தது. ஹார்மோனைப் பற்றி யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை. ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு எண்ணெயின் நுண்துளிகள் ரத்தக்குழாய் வழியே நுரையீரலை அடைந்து, ஊசி போட்ட உடனே கடும் இருமலும் மூச்சுத்திணறலும் வந்தன. வேறு சிலருக்குத் தீவிர ஒவ்வாமை. ஐரோப்பாவில் பல ஆண்டுகளாகப் புழங்கிய அந்த மருந்தை அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அமைப்பு மறுபடி மறுபடி திருப்பியனுப்பி, 2014-இல்தான் அனுமதித்தது. அப்போதும், ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் நோயாளி 30 நிமிடம் மருத்துவமனையிலேயே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. அரிதான இத்தகைய விளைவு 135 பேர் ஆய்வில் தலைகாட்டாமலே போயிருக்கக்கூடும்.

அந்த 135 பேருக்கு வருவோம். புது ஊசிக்கு முதலில் நடந்தது 24 வார ஆய்வு. ஏற்கெனவே மாத ஊசியால் நோய் கட்டுக்குள் இருந்த 72 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 48 பேருக்குப் புது ஊசி, 24 பேருக்கு மருந்தில்லாத போலி ஊசி. ஐ.ஜி.எஃப்.-1 இயல்பான அளவில் நின்றது முதல் பிரிவில் 72.2 சதவீதம் பேருக்கு. போலி ஊசிப் பிரிவில் 37.5 சதவீதம் பேருக்கு. பலனைக் காட்ட இது போதும். ஆனால் 24 வாரம் என்றால் ஆறு ஊசி. பித்தப்பைக் கணக்குக்கு இது ஆரம்பம் மட்டுமே. ஆகவேதான் 52 வாரத்துக்கு இரண்டாவது ஆய்வு. முதல் ஆய்விலிருந்து 54 பேர் தொடர்ந்து வந்தார்கள், 81 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். இந்த ஆய்வில் போலி ஊசி கிடையாது. என்ன மருந்து போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

இதில் இரண்டு ஓட்டைகளை நீங்கள் கவனிக்கவேண்டும்.

முதலாவது, தொடர்ந்து வந்தவர்கள் யார் என்பது. முதல் ஆய்வில் மருந்து ஒத்துக்கொள்ளாமல் அவதிப்பட்டவர் இரண்டாவது ஆய்வுக்குக் கையெழுத்துப் போடமாட்டார். எனவே தொடர்ந்து வருபவர்கள் ஓரளவு சல்லடையில் நின்றவர்கள். அவர்களிடம் பக்க விளைவு குறைவாகத் தெரிவதில் வியப்பில்லை. புதிதாக 81 பேரைச் சேர்த்ததை நான் நல்ல முடிவு என்று சொல்வேன். நீண்டகால ஆய்வு அறிக்கை எதைப் படித்தாலும் நான் முதலில் பார்ப்பது, தொடர்ந்தவர்களையும் புதியவர்களையும் தனித்தனியாகக் காட்டியிருக்கிறார்களா என்பதைத்தான். அடுத்தது, பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர், ஏன் என்பது. பக்க விளைவுப் பட்டியலில் வராத பல செய்திகள் விலகியவர்களின் அட்டவணையில் கிடைக்கும்.

இரண்டாவது ஓட்டை, ஒப்பிட ஆள் இல்லாதது. மேலே நோயின் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? ஓராண்டில் ஒருவருக்குச் சர்க்கரை ஏறினால் அது நோயினாலா, மருந்தினாலா? பாலிப் கண்டுபிடிக்கப்பட்டால்? ஒப்பீட்டுப் பிரிவு இல்லாமல் இதைத் தீர்மானமாகச் சொல்லமுடியாது. ஒப்பீடு இருந்தால் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதற்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த பாசிரியோடைடு சாட்சி. 358 நோயாளிகளில் ஒரு பாதிக்கு அதன் மாத ஊசியையும் மறு பாதிக்கு ஆக்ட்ரியோடைடு மாத ஊசியையும் 12 மாதம் கொடுத்தபோது, சர்க்கரை ஏற்றம் தொடர்பான நிகழ்வுகள் பாசிரியோடைடு பிரிவில் 57.3 சதவீதம் பேருக்கு, ஆக்ட்ரியோடைடு பிரிவில் 21.7 சதவீதம் பேருக்கு. இரண்டாவது பிரிவு இல்லாமல் 57 சதவீதம் மட்டும் தெரிந்திருந்தால், "அக்ரோமெகலி நோயாளிகளுக்குச் சர்க்கரை வருவது சகஜம்தானே" என்று யாராவது தள்ளிவிட்டிருப்பார்கள்.

இனி எண்ணிக்கை. புள்ளியியலில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது: ஒரு பக்க விளைவு ஆய்வில் ஒருவருக்குக்கூட வரவில்லையென்றால், 3-ஐ ஆய்வில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். உண்மையான ஆபத்து அந்த அளவுவரை இருக்கலாம் என்பதை மறுக்கமுடியாது. 135 பேரில் பூஜ்யம் என்றால் 3/135, அதாவது 2.2 சதவீதம், சுமார் 45 பேரில் ஒருவர். அது சிறிய எண் அல்ல. மறுபக்கம் பார்த்தால், 20 பேரில் ஒருவருக்கு வரும் தொல்லையை 135 பேரில் ஒருமுறைகூடப் பார்க்காமல் விடுவது ஏறத்தாழ நடக்காத காரியம். ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் விளைவை ஒரேயொரு முறை பார்ப்பதற்கே எட்டில் ஒரு பங்கு வாய்ப்புதான்.

பிறகு ஏன் ஆயிரம் பேரைச் சேர்க்கவில்லை? சர்வதேச மருந்து விதிமுறைகளை ஒத்திசைக்கும் ஐ.சி.எச். அமைப்பு 1994-இல் வகுத்த வழிகாட்டுதலின்படி, உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத நாள்பட்ட நோய்களுக்கான மருந்தை மொத்தம் 1,500 பேர் அளவில் சோதித்திருக்கவேண்டும்; 300 முதல் 600 பேர் ஆறு மாதமும், குறைந்தது 100 பேர் ஓராண்டும் எடுத்திருக்கவேண்டும். அக்ரோமெகலியோ பத்து லட்சம் பேரில் சில பத்து பேர் முதல் நூற்றுச் சொச்சம் பேர் வரை மட்டுமே கொண்ட அரிய நோய். அறுவையால் குணமானவர்களையும் வேறு சிகிச்சையில் இருப்பவர்களையும் கழித்தால் ஆய்வுக்குக் கிடைப்பவர்கள் சொற்பம். பல நாடுகளில் தேடித்தான் நூறைத் தாண்டமுடிகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 135 பேர் ஓராண்டு என்பது இந்த நோய்க்கு மரியாதையான ஆய்வு. அதை "நிரூபிக்கப்பட்ட பாதுகாப்பு" என்று தலைப்பிட்டு எழுதும் செய்திகளோடுதான் எனக்குச் சண்டை.

ஆய்வுக்குள்ளே தரவு எப்படிச் சேர்கிறது என்பதையும் தெரிந்துகொண்டால் அறிக்கைகளைப் படித்துக் கலங்கமாட்டீர்கள். ஆய்வில் இருப்பவருக்கு நேரும் எல்லா உடல்நலக் கேடும், மருந்தோடு தொடர்பு இருக்கிறதோ இல்லையோ, பதிவாகவேண்டும். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்ந்தால் அது "தீவிரமான பாதகமான நிகழ்வு" என்றே பதிவாகும். மருந்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பது தனிக் கட்டம். அபத்தமாகத் தோன்றும். ஆனால் விழுந்தவருக்கு இதயத் துடிப்பு தாழ்ந்து தலை சுற்றியதால்தான் விழுந்தார் என்பது பின்னால் தெரியவரலாம். ஆகவே முதலிலேயே வடிகட்டுவதில்லை. இந்தியாவில் நடக்கும் ஆய்வென்றால், இத்தகைய நிகழ்வை ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும் தெரிவிக்கவேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

அனுமதி விஷயத்தில் ஒரு குழப்பம் பரவியிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபரில் எஃப்.டி.ஏ. இந்த ஊசிக்கு உடனடி அனுமதி தராமல் திருப்பியது உண்மை. காரணம், மருந்து தயாராகும் வேறொரு நிறுவனத்தின் கூடத்தில் கண்ட குறைகள். பாதுகாப்புத் தரவுகள் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் அனுமதித்தது. அரிதான விளைவுகளைப் பார்க்கும் கட்டம் இனித்தான் தொடங்குகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் பல ஆண்டுகள் போட்டுக்கொள்ளும்போது வரும் புகார்களைச் சேர்த்து, நிறுவனம் குறிப்பிட்ட கால இடைவெளியில் அறிக்கை தந்துகொண்டே இருக்கவேண்டும்.

பெரியப்பாவுக்கு என் கருத்து: ஐ.ஜி.எஃப்.-1 கட்டுக்குள் இருந்து, பழைய ஊசியால் பெரிய தொல்லையும் இல்லையென்றால், புதியது என்ற ஒரே காரணத்துக்காக மாற அவசரப்படவேண்டாம். மாதம் முடியும் கடைசி வாரத்தில் தலைவலியும் வியர்வையும் திரும்பி வருகின்றன, பிட்டத்தில் கட்டி தட்டுகிறது, ஊசிக்காக நெடுந்தூரம் போகவேண்டியிருக்கிறது என்றால் அது வேறு விஷயம். புது ஊசி நம் நாட்டில் கிடைக்கும்போது உட்சுரப்பியல் மருத்துவரிடம் தாராளமாகப் பேசலாம். எந்த ஊசியானாலும் ஐ.ஜி.எஃப்.-1 பரிசோதனையை அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு எடுப்பது நல்லது. மருந்து மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்திலும் நோய் அடங்கியிருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

மாறுவதென்று முடிவானால், மாறுவதற்கு முன் ஒரு வயிற்று ஸ்கேன், இ.சி.ஜி., மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, தைராய்டு, பி12 ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லையென்றால் பின்னால் பித்தப்பையில் கல் தெரியும்போது, அது பழைய ஊசியின் கல்லா புதிய ஊசியின் கல்லா என்று யாராலும் சொல்லமுடியாது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா தடுப்பான் மாத்திரை எடுப்பவரானால் அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும். இரண்டும் சேர்ந்து இதயத் துடிப்பைத் தாழ்த்தும். ஊசிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணை ஒவ்வொரு மாதமும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சந்தேகத்துக்குரிய விளைவு ஏதும் தெரிந்தால், இப்போது போடும் ஊசியானாலும் சரி, மருத்துவரிடம் சொல்வதோடு இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாகவே பதிவுசெய்யலாம். அங்கே கேட்கும் முதல் விவரங்களில் அந்தத் தொகுதி எண்ணும் ஒன்று.